யாருடைய குடும்பம், எந்த ஆபீஸ்? சேதுக்கரையிலிருந்து ஒரு தொலைக்காட்சி வரலாறு

1

மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். படகுகள் கரையில் கிடந்ததால் மச்சான் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தார். கடலுக்குப் போகாத நாளில் ஆம்பிளைகளுக்குப் பிள்ளைகளைக் கண்காணிப்பது ஒரு வேலையாகிவிடுகிறது. அக்கா மகள் மூலையில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'தி ஆபீஸ்'. பிரிட்டனில் 2001இல் தொடங்கி, பிறகு அமெரிக்காக்காரர்கள் தங்கள் பாணியில் 2005 முதல் 2013 வரை எடுத்த தொடர். காகிதம் விற்கும் ஒரு கம்பெனி, ஒரு அசட்டு மேனேஜர், அவனைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து ஊழியர்கள். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் அவர் பார்த்ததெல்லாம் மேசை, நாற்காலி, டை கட்டிய ஆட்கள். இருந்தாலும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, நீ படிச்சவன், சொல்லு. இது குடும்பத்தோட பாக்குற மாதிரி உள்ளதுதானா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இரட்டை அர்த்தப் பேச்சு அதில் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் கேட்டவர் மச்சான் என்பதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊர் மணலில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாஷை தெரியாத காமெடிகளை நடுராத்திரி வரை பார்த்திருக்கிறோம். எங்கள் முன்னால் சம்மாட்டி வீட்டுப் பெண்கள், பின்னால் கிழவர்கள், ஓரத்தில் முகாமிலிருந்து வந்தவர்கள். அன்றைக்கு இது 'குடும்பத்தோடு' பார்க்கத் தகுந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்கள் கரைக்கு எப்போது, எந்த வழியாக வந்தது? இந்தக் கட்டுரை மச்சானுக்குச் சொல்லும் பதில் அல்ல. அவர் கேட்ட கேள்வியின் வரலாற்றைத் தேடிப்பார்க்கும் ஒரு முயற்சி.

2

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1975 ஆகஸ்ட் 15இல் ஆரம்பிக்கிறார்கள். அன்றுதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. இது சென்னையின் வரலாறு. இராமநாதபுரம் கரையின் வரலாறு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. 1982 பிப்ரவரி 15இல், ஜப்பான் அரசின் உதவியோடு, கொழும்பில் ரூபவாஹினி தொடங்கியது. இராமேஸ்வரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு முந்நூறுக்கும் குறைவு. ரூபவாஹினியின் அஞ்சல் கோபுரம் இருந்த கொக்காவில் அதைவிடவும் பக்கம், கிழக்கே கடலைத் தாண்டினால் வந்துவிடும். 1974லும் 1976லும் இரண்டு அரசுகளும் கடல்மேல் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. மீனுக்கு அந்தக் கோடு தெரியவில்லை, அலைவரிசைக்கும் தெரியவில்லை. சென்னை நிகழ்ச்சிகள் கொடைக்கானல் வழியாகத் தென்மாவட்டங்களுக்கு வந்து சேரும் முன்பே, தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம் வரை வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்ந்து நின்ற ஆன்டெனாக்கள் ரூபவாஹினியைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

எங்கள் தெருவில் ஒரே ஒரு பெட்டி. படகு வைத்திருந்த ஒரு சம்மாட்டி வீட்டில். இரும்புக் குழாயோடு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி ஆன்டெனா நட்டிருந்தார்கள். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருப்பவர்கள் "வருது, வருது, அங்கிட்டு இல்ல, இங்கிட்டு" என்று கத்துவார்கள். காற்று மாறினால் படமும் மாறும் என்பது ஊர்ப் பேச்சு. சாயங்காலம் பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கிவந்து தெருவைப் பார்க்க வைத்துவிடுவார்கள். உள்ளே வைத்தால் கூட்டம் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதுதான் காரணம், பெருந்தன்மை ஒன்றுமில்லை. ஆனால் விளைவு பெருந்தன்மையானது. தெரு முழுக்க மணலில் உட்கார்ந்துவிடும்.

தமிழில் வந்தது கொஞ்சம். மற்றதெல்லாம் சிங்களம், இங்கிலீஷ். இங்கிலீஷ் காமெடிகளில் ஒரு விநோதம் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்தே சிரிப்புச் சத்தம் வரும். ஆட்கள் தென்படமாட்டார்கள், சிரிப்பு மட்டும். "உள்ளுக்குள்ள யாருடா சிரிக்கிறா?" என்று ஒரு கிழவர் தினமும் கேட்பார். அமெரிக்காவில் சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் சிரிப்பைப் பதிவுசெய்து வைத்து வேண்டிய இடத்தில் ஒலிக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்தார் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். கொட்டகையில் நூறு பேர் நடுவே பார்க்கிறவனுக்கு எங்கே சிரிப்பது என்று சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டுக்குள் தனியே உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்குத்தான் அது தேவைப்படுகிறது. அதாவது அந்த இயந்திரம், தொலைந்துபோன கூட்டத்துக்குப் பதிலாகச் செய்யப்பட்டது. எங்கள் தெருவில் கூட்டம் தொலைந்துபோகவில்லை. அதனால்தான் பெட்டிக்குள் கேட்ட சிரிப்பு எங்களுக்குப் பேய்ச்சிரிப்பாகப் பட்டது.

1983 ஜூலைக்குப் பிறகு கரையின் நிலைமை மாறியது. படகு படகாக அகதிகள் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிரம்பியது. எந்த அரசு அவர்களை விரட்டியதோ அந்த அரசின் தொலைக்காட்சியைத்தான் நாங்கள் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகாமிலிருந்து ஓர் அம்மா சில நாள் வந்து உட்காருவார். கொழும்பில் இருந்தவர், சிங்களம் தெரியும். ஒருநாள் சிங்களத்தில் ஏதோ காமெடி. ஒரு கடை, ஒரு முதலாளி, ஒரு வேலைக்காரப் பையன். நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் சிரித்தார். உடனே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் விடவில்லை. "என்னம்மா சொன்னான், சொல்லுங்க" என்றது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தவர் பிறகு சொன்னார். முதலாளி சம்பளத்தைக் குறைத்ததற்குப் பையன் சொன்ன பதில் அது. தெரு தாமதமாக, இரண்டாவது முறை சிரித்தது. அவருக்குக் குடும்பம் என்று அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு பையன் மட்டும். மற்றவர்கள் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

இதை ஏதோ பொற்காலம் போலச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தெருவுக்கு வராத தெருக்களும் இருந்தன. யார் மணலில் முன்னால் உட்காரலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பார்த்தது தெரு. 'குடும்பம்' என்ற அலகு அங்கே பார்வையாளராக இல்லை. 1990 ஜூலையில் யுத்தத்தில் கொக்காவில் முகாம் வீழ்ந்தது, ரூபவாஹினியின் கோபுரமும் போனது. 1995இல் இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் செயல்பட ஆரம்பித்தது. 323 மீட்டர். அரசுகள் கரையோரத்தில் இவ்வளவு உயரமான கோபுரங்களை நடுவது மக்களைச் சிரிக்கவைக்க மட்டும் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோபுரத்தின் வழியே 'குடும்பத்துக்கு ஏற்ற' சிரிப்பு சிந்தாமல் சிதறாமல், புள்ளியில்லாமல் எங்கள் கரைக்கு வந்தது. அப்போது பெட்டிகள் பெருகிவிட்டிருந்தன. திண்ணையிலிருந்த பெட்டி உள்ளறைக்குப் போய்விட்டது.

3

அந்தச் சிரிப்பு எங்கே தயாரானது? சென்னைச் சபாக்களில். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, வரலாறு அப்படி.

தமிழில் தொழில்முறை நாடகக் குழுக்கள் நலிந்த பிறகு 1950களிலிருந்து சென்னையில் வளர்ந்தது அமெச்சூர் நாடகம். 'அமெச்சூர்' என்றால் பிழைப்புக்கு வேறு வேலை உள்ளவர் என்று பொருள். அந்த வேறு வேலை பெரும்பாலும் ஆபீஸ் வேலை. கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் இருந்துகொண்டு நாடகம் எழுதியவர். நாகேஷ் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. கிரேசி மோகன் கிண்டியில் இஞ்சினியரிங் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்தால் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை சபா. எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் அதே பாங்கு, இன்ஷூரன்ஸ், சர்க்கார் ஆபீஸ்காரர்கள். மனைவி, பிள்ளைகள், மாமியாரோடு சீசன் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள்.

ஆகவே தமிழ்க் காமெடியில் 'வேலை' என்றால் ஆபீஸ் என்று ஆனது தற்செயல் அல்ல. பொய் சொல்லி லீவு போடுவது, பாட்டியைப் பலமுறை சாகடிப்பது, மேனேஜரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு மாட்டிக்கொள்வது, ஸ்டெனோவைப் பார்த்து வழிவது, சம்பளம் வருமுன் கடன் வாங்குவது என்று திரும்பத் திரும்ப வந்த சூழல்கள் எழுதியவர்களும் பார்த்தவர்களும் அறிந்தவை. இந்தியில் வந்த 'கோல்மால்' (1979) தமிழில் 'தில்லு முல்லு' (1981) ஆனபோது, ஒரு முதலாளியை ஏமாற்ற மீசையை வைத்து ஆடும் அந்த ஆட்டம் நம்மூரிலேயே பிறந்ததுபோல ஒட்டிக்கொண்டதும் இதனால்தான். சென்னைத் தொலைக்காட்சி வந்தபோது அதற்குக் கையோடு கிடைத்த தமிழ்ச் சரக்கு இந்த நாடகங்கள்தான். சபா மேடையிலிருந்து ஸ்டூடியோவுக்கு வந்தார்கள், செவ்வாய்க்கிழமை இரவு நாடகமாக ஹாலுக்குள் நுழைந்தார்கள். விதிவிலக்குகள் உண்டு. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980இல் அதே சபா மேடையில்தான் ஏறியது. ஆனால் அது காமெடி அல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆபீஸ் காமெடிக்கு அடிப்படை ஒரு சுவர். ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர். மேனேஜர் வீட்டுக்கு வந்தால் ஏன் சிரிப்பு வருகிறது? வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டார், அதனால். ஆபீசில் சொன்ன பொய் வீட்டில் உடைந்தால் ஏன் சிரிப்பு? ஒட்டக்கூடாத இரண்டு உலகம் ஒட்டிவிட்டது. மாதச் சம்பளம், வேலைநேரம், வேலையைத் தெரியாத மனைவி, ஹால், ஹாலில் பெட்டி என்று இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தச் சுவர் நிற்கும். 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்ற முத்திரைக்கும் அதே சுவர்தான் அடிப்படை. வெளியுலகத்தின் அழுக்கு உள்ளே வரக்கூடாது, வருமானால் துவைத்து உலர்த்தித்தான் வரவேண்டும். ஆகவே ஆபீஸ் என்பதும் குடும்பம் என்பதும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். இந்த முத்திரையைக் குத்துகிற கை ஒழுக்கத்தின் கை என்று நமக்குச் சொல்லப்படுகிறது. நான் அதை மாதச் சம்பளத்தின் கை என்கிறேன்.

4

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1975இல் 'குடும்பம் பார்க்கும் நேரம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்னிரவில் ஒரு குறிப்பிட்ட நேரம் வரை எல்லா வயதினரும் சேர்ந்து பார்க்கத் தகுந்ததை மட்டுமே காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அரசு ஆணையத்தின் நெருக்குதலால் தொலைக்காட்சிக் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. அதன் முதல் பலிகளில் ஒன்று 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற காமெடி. பேரிலேயே குடும்பம் உள்ள தொடரைக் குடும்ப நேரத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். நிறவெறி பிடித்த ஒரு தொழிலாளியை வீட்டுக்குள் உட்காரவைத்து, அவன் வாயாலேயே அவனை அம்பலப்படுத்தியது அந்தத் தொடர் செய்த குற்றம். எழுத்தாளர் சங்கம் வழக்குப் போட்டது. நார்மன் லியரோடு, ஒரு போலீஸ் ஸ்டேஷனையே களமாகக் கொண்ட 'பார்னி மில்லர்' காமெடியின் தயாரிப்பாளரும் வழக்கில் சேர்ந்தார். 1976இல் நீதிமன்றம் அந்த ஏற்பாடு பேச்சுரிமைக்கு விரோதமானது என்றது. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை, ஆனால் குடும்ப நேரமும் பழைய கட்டுப்பாட்டோடு திரும்பவில்லை. அங்கே கெட்ட வார்த்தைதான் பிரச்சினை என்று சொல்லப்பட்டது. நடந்ததைப் பார்த்தால், வீட்டுக்குள் வரக்கூடாதது என்று அவர்கள் கருதியது சச்சரவைத்தான்.

நம்மிடம் சட்டம் 1995இல் வந்தது, கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம். அதன் கீழுள்ள 1994ஆம் ஆண்டு விதிகளில் 6ஆம் விதி நிகழ்ச்சி நெறிமுறை. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானது கூடாது, பெண்களை இழிவுபடுத்துவது கூடாது, பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஆகாதது கூடாது என்றெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. அதே விதியில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. குறிப்பிட்ட இன, மொழி, வட்டாரக் குழுக்களை அவதூறாகவும் ஏளனமாகவும் மேட்டிமைத்தனத்தோடும் சித்திரிக்கும் காட்சியோ சொல்லோ கூடாது என்கிறது அது. நம் காமெடிகளில் கடற்கரைக்காரன் பேசும் தமிழும், நெல்லைத் தமிழும், சென்னைச் சேரித் தமிழும், ஈழத்துத் தமிழும் எத்தனை முறை சிரிப்புப் பொருளாக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். வேலைக்காரி, வாட்ச்மேன், பியூன், மீன்காரி என்று ஒரு வரிசையே உண்டு. ஹாலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சிரிப்பூட்ட உள்ளே வந்துவிட்டு அப்படியே வெளியேற்றப்படுகிறவர்கள் இவர்கள். இதைப் பார்த்து 'குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை' என்று யாரும் டிவியை அணைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆபாசம் என்ற பிரிவு விழித்தே இருக்கிறது, ஏளனம் என்ற பிரிவு தூங்குகிறது.

சினிமாவில் இந்த முத்திரைக்கு விலையே வந்துவிட்டது. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. 2011இல் அதோடு 'யு' சான்றிதழும் வேண்டும் என்றானது. 2017இல் ஜிஎஸ்டி வரும் வரையில் 'யு' என்ற எழுத்து தயாரிப்பாளருக்கு ரொக்கம். குடும்பம் என்பது ஒழுக்கத்தின் பெயரா, வரவு செலவுக் கணக்கில் ஒரு தலைப்பா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

5

ஆபீசைப் பற்றி இன்னொரு விதமாகவும் சிரிக்கலாம் என்று காட்டிய தொடர் ஒன்று உண்டு. 2001இல் 'சப்' டிவியில் இந்தியில் வந்த 'ஆபீஸ் ஆபீஸ்'. பங்கஜ் கபூர் அதில் முசத்திலால் என்ற சாமானியன். ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபீசுக்குப் போவான். ஒருநாள் மின்சாரம், ஒருநாள் ஆஸ்பத்திரி, ஒருநாள் வேறெதாவது. ஆபீஸ் மாறும், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் மாறமாட்டார்கள். அதே நடிகர்கள், அதே பேச்சு, அதே லஞ்சம். 2011இல் அதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். உயிரோடிருக்கும் ஆளைச் செத்துவிட்டதாகக் கணக்கெழுதிப் பென்ஷனை நிறுத்திவிடுவதுதான் கதை.

நம் சபாக் காமெடியில் காமிரா மேசைக்கு அந்தப் பக்கம், குமாஸ்தாவின் நாற்காலியில் இருக்கிறது. மனுவோடு வருகிறவன் வெறும் தொந்தரவு, வந்து போகும் ஆள். 'ஆபீஸ் ஆபீஸி'ல் காமிரா மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. எங்கள் கரைக்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் இந்தப் பக்கம்தான். இராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறையின் டோக்கன் வேண்டும். விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. தடைக்கால நிவாரணத்துக்கு அட்டை, அட்டைக்கு ஜெராக்ஸ், ஜெராக்சுக்குக் கையெழுத்து. படகை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் அதற்கு வேறு ஆபீஸ், வேறு வரிசை. அந்த வரிசைகளில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முசத்திலால் கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

2013இல் விஜய் டிவி 'ஆபீஸ்' என்ற பெயரிலேயே தமிழில் ஒரு தொடர் ஆரம்பித்தது. இப்போது குமாஸ்தா போய்விட்டான், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் வந்துவிட்டார்கள். காதலும் கலாட்டாவும். எங்கள் ஊரில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் அதை ஆசையோடு பார்த்தார்கள், மகன் வேலை பார்க்கும் இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. மேசையின் அந்தப் பக்கம் பிள்ளை உட்காரட்டும் என்றுதானே ஒவ்வொரு வலையையும் இழுத்தார்கள். ஆனால் காமிரா மறுபடியும் அந்தப் பக்கம் போய்விட்டது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

6

சுவர் இல்லாத இடத்தில் வேலைச் சிரிப்பு எப்படி இருக்கும்? எங்கள் பெரியம்மா பாசி எடுக்கப் போனவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து கடற்பாசி பறிக்கும் வேலை. தாயும் மகளும் மாமியாரும் மருமகளும் ஒரே படகில் போவார்கள். 1986இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, வனத்துறை ஆட்கள் வந்தால் ஓடி ஒளிவதும் அந்த வேலையின் பகுதியானது. போகும்போதும் வரும்போதும் படகில் நடக்கும் பேச்சு இருக்கிறதே, அதை இந்தப் பத்திரிகையில்கூட அச்சிட முடியாது. புருசன்மார், யாவாரி, கார்டு ஒருவரும் தப்பமாட்டார்கள். யாவாரி எடையில் அடிக்கும் திருட்டை அவனுடைய வேட்டியோடு சேர்த்து அவர்கள் சொல்லும் கதைகள், மகளுக்கு முன்னால் தாய் சொல்லி, தாய்க்கு முன்னால் மகள் திருப்பிச் சொல்லும் கதைகள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டிலும் அப்படித்தான். இழுப்பவர்களில் அப்பனும் இருப்பான், பிள்ளையும் இருப்பான். இங்கே வேலைக்கூட்டமே பாதி குடும்பம். வேலையிடக் காமெடியைக் குடும்பத்தோடு கேட்கும் ஒரே இடம் அந்தப் படகுதான். ஆனால் நம் முத்திரையின்படி அதுதான் குடும்பத்துக்கு ஆகாதது!

கோயில் திருவிழா ஸ்பெஷல் நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சங்கரதாஸ் சுவாமிகள் பரம்பரையில் வந்த 'வள்ளி திருமண'த்துக்கு முன்னால் பபூனும் டான்ஸும் நடுச்சாமம் வரை பேசும் பச்சைப் பேச்சை ஊரே உட்கார்ந்து கேட்கிறது, இன்றைக்கும்.

தோழர்கள் சிலர் இதைக் கேட்டதும் பக்தினைக் கொண்டுவந்து, திருவிழாச் சிரிப்பு, தலைகீழாக்கம், விளிம்பின் கலகம் என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியவன்தான். ஆனால் அங்கே நின்றுவிட முடியாது. ஸ்பெஷல் நாடக மேடையில் அந்தப் பேச்சுப் பேசிய பெண்ணுக்கு மறுநாள் காலையில் அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. சூசன் சைசர் மதுரை நாடக நடிகைகளோடு இருந்து ஆய்வு செய்து 2005இல் வெளியிட்ட நூல் இந்த இழிவைப் பற்றித்தான் பேசுகிறது. சிரித்தது ஊர், விலை கொடுத்தது அவள். பாசிப் படகில் பெண்கள் தங்களுக்குள் பேசுவதும், ஆண்கள் நடுவே ஒருத்தியை நிறுத்திப் பேசவைப்பதும் ஒன்றல்ல.

அதனால்தான் 'குடும்பத்தோடு பார்க்க முடியல' என்ற புலம்பலை முழுக்க மேட்டுக்குடி ஒழுக்கம் என்று தள்ளிவிடவும் கூடாது. அந்த வாக்கியத்தை ஆணும் சொல்கிறான், பெண்ணும் சொல்கிறாள். ஆண் சொல்லும்போது பெரும்பாலும் அது கட்டுப்பாடு. பெண் சொல்லும்போது பலமுறை அது வேறொன்றுக்குப் பதிலி. பெண்டாட்டியை அறைவது ஜோக்காக வந்த ஒரு காமெடியைப் பெரியம்மா "நிப்பாட்டுங்கடா, குடும்பத்துல பாக்குற படமா இது" என்று சொல்லி எழுந்துபோனது ஞாபகம் இருக்கிறது. படகில் அவர் பேசும் பேச்சை அறிந்த எனக்கு அப்போது அது முரணாகத் தெரிந்தது. முரணே இல்லை. அவருக்கு ஆபாசம் பிரச்சினை இல்லை, அவமானம்தான் பிரச்சினை. அதைச் சொல்ல அவருக்குக் கைக்கெட்டிய சொல் 'குடும்பம்' மட்டுமாக இருந்தது.

மேனேஜரும் ஸ்டெனோவும் ஜோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் அது சுத்தமான, பாட்டி பேத்தியோடு பார்க்கத் தகுந்த சிரிப்பு. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வேறு பெயர் வைத்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் 2013இல் வந்தது. சட்டத்தைக் கொண்டுவந்தது சென்சாரும் அல்ல, குடும்பக் காவலர்களும் அல்ல. ராஜஸ்தானத்தில் தன் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட ஓர் உழைக்கும் பெண்ணின் வழக்கும், அதைத் தூக்கிச் சுமந்த பெண்கள் இயக்கங்களும்தான். குடும்பத்துக்கு ஏற்றது என்று நாம் நினைத்துச் சிரித்த ஒன்றை, வேலை செய்யும் பெண்கள்தான் சிரிக்கத் தகாதது என்று காட்டினார்கள்.

7

2006இல் திமுக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள். அதோடு எங்கள் தெருவில் கடைசித் திண்ணையும் காலியானது. ஏளனமாகச் சொல்லவில்லை. யார் வீட்டு வாசலிலும் தள்ளி நின்று பார்க்க வேண்டியதில்லை என்று ஆனது பெரிய விஷயம்தான், தள்ளி நிறுத்தப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். கூட்டம் போனது, மானம் வந்தது. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது.

இப்போது அந்தப் பெட்டியும் பழசாகிவிட்டது. செல்போன் வந்து ஆளுக்கொரு திரை. 2021 விதிகள் இணையவழித் தொடர்களுக்கு 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரிக்கின்றன. பார்க்கிறவர் இப்போது தெருவும் அல்ல, குடும்பமும் அல்ல, வயது மட்டும் உள்ள ஒரு தனி ஆள். குடும்பமே சேர்ந்து பார்க்காத காலத்தில் 'குடும்பத்தோடு பார்க்கலாமா' என்ற கேள்வி மட்டும் உயிரோடு இருக்கிறது, அதுவும் மகள்கள் கையிலிருக்கும் போனை நோக்கியே அதிகம் கேட்கப்படுகிறது. மகன்களின் போனை எட்டிப் பார்த்த மச்சான்மாரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு மச்சானிடம் நான் திருப்பிக் கேட்டேன். "நம்ம திண்ணையில உக்காந்து சிங்களப் படம் பாத்தமே, அந்த அம்மா அர்த்தம் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, அந்தச் சம்பள சோக்கு" என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "இங்க வா, என்னதான் சொல்றான்னு எங்களுக்கும் சொல்லு" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவள் தயங்கினாள். சில இடங்களில் அர்த்தம் சொன்னாள், சில இடங்களை வேகமாகத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்ட இடங்களில் என்ன இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மேனேஜர் ஏதோ உளறி, ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடத்தில் மட்டும் அர்த்தம் கேட்காமலே மச்சான் சிரித்தார். அந்த மாதிரி ஆபீசரை அவருக்குத் தெரியும்.

எது குடும்பத்துக்கு ஏற்றது என்ற விவாதத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அதை நடத்துகிற நாம், எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும், கேள்வியை மாற்றிக் கேட்டாக வேண்டும். சிரிப்பில் ஆபாசம் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன்னால், காமிரா மேசையின் எந்தப் பக்கம் இருக்கிறது, யாருடைய பாஷை அடிவாங்குகிறது, சிரித்து முடித்த பின் விலை கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விகளை ஒரு வீட்டின் ஹாலுக்குள் மட்டும் வைத்துப் பேசி முடிக்க முடியாது. திண்ணைக்கு வந்துதான் பேசியாக வேண்டும்.